மினுக்காத பித்தளை

மொன்றியலில் சுட்ட கோதுகளைக் குனிந்து பொறுக்கிய தமிழர் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும். ஒருவர் ஆனந்தராசா அண்ணை, மற்றது நான். சன்னம், அதாவது குண்டு, பறந்த பிறகு துவக்கு வெளியே துப்பிவிடுகிற சின்னப் பித்தளைக் குழல்தான் கோது. நிலக்கடலையான கச்சானின் தோலுக்கும் எங்கள் சனம் அதே சொல்லைத்தான் சொல்லும். கச்சான் கோதைக் குப்பையில் போடலாம். இதைக் கழுவி, நெரித்து, வெடிமருந்தும் புதுச் சன்னமும் வைத்து அடைத்தால் திரும்பவும் சுடலாம். அதனால் ஒன்றையும் விடாமல் பொறுக்க வேண்டும் என்பது அண்ணையின் கூட்டாளி றெஜானின் சட்டம்.

நான் துவக்கைத் தொடுவதில்லை. சனிக்கிழமை காலையில் சுடுகிற கழகத்துக்குப் போகிற அந்தக் கார் ஓட்டமும், வழியில் குடிக்கிற கோப்பியும், றெஜானின் பகிடியும் வேண்டும் என்றுதான் போவேன். அவர்கள் இரண்டு பேரும் கடதாசி வட்டத்தைச் சுட்டுக் கிழிப்பார்கள். நான் கோதைப் பொறுக்கிப் பையில் கட்டி என் காரின் பின்பெட்டியில் எறிவேன். வீட்டுக்கு வந்ததும் இறக்க மறந்துபோவேன். றெஜான் வந்து கேட்டு எடுத்தால்தான் உண்டு. "இரவியின்ர கார் டிக்கிக்குள்ள போனது மோட்சத்துக்குப் போனமாதிரி, திரும்பி வராது" என்று ஆனந்தராசா அண்ணை சொல்வார்.

ஊரில் துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம், இங்கே காசு கொடுத்துத் துவக்கு வாங்கிச் சுடுகிறதே என்று கோயிலில் அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அவர் பதில் சொல்ல மாட்டார். பதில் றெஜான்தான்.

நாங்கள் வந்த புதிதில் கோத்-தெ-நெய்ஜில் ஒரு மூன்றரை அறை வீட்டில் கும்பலாகக் கிடந்தோம். ஒருவன் வேலைக்கு எழும்ப அவன் கிடந்த சூட்டிலேயே மற்றவன் படுப்பான். ஆனந்தராசா அண்ணைக்கு சென்-லோறோனில் ஒரு லேத் பட்டறையில் வேலை கிடைத்தது. பக்கத்து மெசினில் நின்றவன் றெஜான். மரியாதை விகுதி போடவில்லை என்று குறை நினைக்க வேண்டாம். வெள்ளைக்காரனில் எங்களுக்கு அன்பு முற்றினால் 'அவன்' தான். மாசி மாதத்துக் குளிரில் பஸ் தரிப்பிடத்தில் ஊர்ச் சப்பாத்தோடு நடுங்கிக்கொண்டு நின்றவரை, ஒரு நாள் காரை நிறுத்தி ஏற்றினான். மறுநாளும் ஏற்றினான். அந்தக் குளிர்காலம் முழுக்க ஏற்றினான். பிரெஞ்சில் முதலில் படிப்பித்தது தூஷணம். அதற்குக் 'குளிர்' என்று அர்த்தம் என நம்பிய அண்ணை, தேவாலயத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் மரியாதையாகச் சொல்லி, குடையால் அடி வாங்கினார். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். கையில் ஒன்றும் இல்லாமல் அவ்வளவு சந்தோசமாக எப்படி இருந்தோம் என்று விளங்குவதில்லை.

குறிபார்த்துச் சுடுகிற கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதும் றெஜான்தான். உரிமப் பரீட்சை, பூட்டுப் பெட்டி, அதற்கு மேல் இன்னொரு பூட்டு, எல்லாம் ஒழுங்காகச் செய்து ஆனந்தராசா அண்ணை ஒரு கைத்துவக்கு வாங்கினார். இரண்டு பேருக்கும் வேண்டிய ரவையை, அதாவது மருந்தும் சன்னமும் அடைத்த கோதை, தன் வீட்டு நிலவறையில் றெஜானே அடைத்துக்கொண்டு வருவான். யோகராணி அக்கா, அதுதான் அண்ணையின் மனைவி, அதற்கு ஒன்றும் சொன்னதில்லை. துவக்கு பூட்டுக்குள் கிடந்தது, ரவை றெஜான் வீட்டிலிருந்து வந்தது, கோது என் காரில் போனது. அவவின் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை.

போன வருசம் மாசியில் றெஜானுக்குப் பாரிசவாதம் வந்தது. வலக்கை விழுந்துவிட்டது. பேச்சும் பாதிதான் திரும்பி வந்தது. வீட்டை விற்று லஷீனில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனான். அவனுடைய துவக்குகளைக் கைமாற்ற இப்போது சட்டம் விடாது, பொலிசிடம் ஒப்படைத்தாயிற்று. ரவை அடைக்கிற மெசினும், கோப்பி டின்கள் நிறையப் பழைய கோதுகளும் ஆனந்தராசா அண்ணைக்கு வந்தன.

பனி உருகிச் சேறாகிக் கிடந்த ஒரு நாளில் நானும் அண்ணையும் அந்த இரும்பைத் தூக்கிக்கொண்டு டொலார்டில் உள்ள அவருடைய வீட்டுக்குள் நுழைந்தோம். நிலவறைப் படியின் தலைப்பில் யோகக்கா நின்றா.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாருங்கோ. இப்பதான் துடைச்சனான். உது என்ன, இடியப்ப உரல் மாதிரிக் கிடக்கு?"

"றெஜானின்ர மெசின்" என்றார் அண்ணை.

"உதில என்னத்தைப் பிழியப் போறியள்?"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"ரவை அடைக்கிறது" என்றார்.

"எங்க வைச்சு?"

"கீழ. நிலவறையில."

"இந்த வீட்டிலயோ?"

"ஓம் ராணி. ஒரு மூலையில..."

"அந்த மூலைக்கு மேலதான் என்ர குசினி அடுப்பு. கராஜில வையுங்கோ. நான் ஓம் எண்டு சொல்லும்வரைக்கும் உது படி இறங்கக் கூடாது."

கராஜில் பழைய படுக்கை விரிப்பால் மூடி வைத்தோம். பாவம் அக்கா, ஊரில் நடந்த சண்டையில் கண்டதை நினைத்துப் பயப்படுகிறா என்று நான் எனக்குள்ளே ஒரு கதை கட்டிக்கொண்டேன். எங்களுடைய ஒவ்வொரு பயத்துக்கும் சண்டைதான் காரணம் என்று எண்ணுவது எங்களுக்கே ஒரு வியாதி.

கோடை தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக றெஜானைப் பார்க்கப் போனோம். அக்கா மிதிவெடி பொரித்துக் கட்டியிருந்தா. முட்டையும் இறைச்சியும் வைத்துச் சுற்றிப் பொரிக்கிற அந்தப் பலகாரத்தில் றெஜானுக்கு உயிர். பெயருக்கு என்ன அர்த்தம் என்று பட்டறையில் வைத்து ஒருநாள் கேட்டிருக்கிறான். அண்ணை சொல்லியிருக்கிறார். அவன் கையில் இருந்ததை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு எட்ட நின்றானாம்.

அன்றைக்கு அவன் இடக்கையால் எடுத்துச் சாப்பிட்டான். பாதி சட்டையில் கொட்டியது. அக்கா துவாயை எடுத்துத் துடைத்துவிட்டு, மிச்சத்தைப் பிய்த்துப் பிய்த்து வாயில் வைத்தா. அவன் அழுதான். வாதம் வந்தவர்களுக்குக் கண்ணீர் கட்டுக்குள் நிற்காது என்பார்கள். எனக்கென்னவோ அது வாதத்தால் வந்த கண்ணீராகத் தெரியவில்லை.

பிறகு சொல்லத் தொடங்கினான். ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி, பிரெஞ்சில். ஐப்பசியில் கழகத்தின் வெளித்திடல் மூடுகிற நாள். அன்றைக்கு ஒருமுறை வந்து சுட வேண்டும். இடக்கையால் என்றாலும் சரி. கடையில் வாங்கிய ரவை வேண்டாம். அவனுடைய கோதில் ராசா அடைத்தது வேண்டும். ஆனந்தராசா என்ற பெயர் அவன் வாயில் ராசா என்றுதான் நிற்கும்.

"நீ சொன்னால்தான் ராசா செய்வான்" என்று அக்காவைப் பார்த்தே கேட்டான்.

அக்கா மிதிவெடிப் பெட்டியின் மூடியை அமர்த்தி மூடினா.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் வாகனங்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. பின்னிருக்கையிலிருந்து அக்கா பேசினா.

"எங்கட கோயிலடியில வாணக்காரச் செல்லத்துரை எண்டு ஒருத்தர் இருந்தவர். திருவிழாவுக்கு வாணம் கட்டுறவர். ஒருமுறை மழை பெய்து மருந்து நனைஞ்சு போச்சு. விடிஞ்சால் தேர். என்ன செய்தவர் தெரியுமே? அடுப்புக்கு மேல பரணில கொண்டுபோய்க் காயவிட்டவர். மனிசிக்குச் சொல்லேல்லை."

"ஏன் சொல்லேல்லை?" என்று நான் கேட்டேன்.

"சொன்னால் பேசுவா எண்டுதான். வேறென்ன? அவ எழும்பி அடுப்பை மூட்டினா. எரிஞ்ச அந்த முகத்தோட அவ பேந்து எங்கட வீட்டுக்கு வருவா, அம்மாட்டத் தயிர் வேண்ட. நான் கதவுக்குப் பின்னால ஒளிப்பன். சின்னப்பிள்ளை தானே, பயம்." என் இருக்கைப் பக்கம் குனிந்தா. "அந்த வீட்டை மருந்து எரிக்கேல்லை இரவி. ஒளிச்சதுதான் எரிச்சது."

ஆனந்தராசா அண்ணை முன்னால் பார்த்தபடியே கார் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ. செய்யுங்கோ. ஆனால் ஒண்டு. எனக்கு ஒண்டும் ஒளிக்கக் கூடாது. மருந்து எங்க கிடக்கு, எப்ப திறக்கிறியள், என்ன பிழைச்சது, எல்லாம் சொல்ல வேணும். பேசுவன் எண்டு பயந்தும் ஒளிக்கக் கூடாது."

"சரி" என்றார் அண்ணை.

அந்தக் கோடையை நினைத்தால் எனக்கு அந்த நிலவறைதான் ஞாபகம் வருகிறது. வெளியே வெயில் கொளுத்தும், கீழே குளுகுளுவென்று இருக்கும். அண்ணை ரவை அடைக்கிற முறை சொல்லும் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார். மெசினை மேசையில் முடுக்கினார். முதல் கிழமைகளில் மருந்தே தொடவில்லை. வெறும் கோதை வைத்துப் பிடியை இழுப்பதும், பெருத்த வாயைப் பழைய அளவுக்கு நெரிப்பதும்தான் வேலை. பிறகு தராசு. புத்தகத்தில் உள்ள அளவுக்கு ஒரு தூள் கூடினாலும் திரும்பக் கொட்டி நிறுத்தார். லேத்தில் நின்ற கை, அவசரப்படாது. தொலைபேசி மேலே, வானொலி மேலே, நெருப்புப் பெட்டியும் மேலே, சாமிக்கு விளக்கேற்றுவதும் அவர் மேலே வந்த பிறகுதான்.

ஒளிக்கக் கூடாது என்று சொன்னதை அவர் பிடித்த பிடி இருக்கிறதே, அதுதான் பகிடி.

"ராணி! மருந்துப் போத்தலைத் திறக்கிறன்!"

"ம்."

"ராணி! மூடிப்போட்டன்!"

"ம்."

"ராணி, ஒரு சன்னம் சரிஞ்சு இருந்திட்டுது! கழட்டப் போறன்!"

"ஐயோ, கழட்டுங்கோவன்! எனக்குக் கறி அடிப்பிடிக்குது!"

படித் தலைப்பில் ஒரு சின்னக் கதிரை போட்டு அக்கா கீரை ஆய்ந்துகொண்டு இருப்பா. கீழே இறங்க மாட்டா. ஆனால் கதிரையை விட்டும் எழும்ப மாட்டா. அந்த வீட்டில் அவர்கள் அவ்வளவு கதைத்துக்கொண்டதை நான் அதற்கு முதல் பல வருசமாகக் கண்டதில்லை.

பழகுவதற்கு அண்ணை வேறு கோதுகளைப் பயன்படுத்தினார். றெஜானின் கோப்பி டின்களைக் கடைசிக்கென்று கராஜிலேயே ஒதுக்கி வைத்தார். எத்தனையோ சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் மாறி மாறிச் சுட்டு, நான் பொறுக்கி, றெஜான் திரும்பத் திரும்ப அடைத்தவை அவை. மங்கிப் பழுப்பேறிக் கிடந்தன.

நவராத்திரிக்கு முதல் கிழமை. சென்-ரெஜிஸ் முருகன் கோயிலில் விளக்கு மினுக்குகிற பெண்களில் யோகக்காதான் தலைவி. புளியால் ஒருமுறை தேய்த்து, பிறகு போத்தலில் வருகிற மினுக்குத் தண்ணீர் போட்டுத் துணியால் உரஞ்சினால், அவ மினுக்கிய குத்துவிளக்கில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். அன்று நானும் அண்ணையும் மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பினோம். கதவைத் திறந்ததும் மூக்கைப் பிடுங்குகிற ஒரு நெடி.

பின்பக்கத்து மரமேடையில் பழைய சேலை ஒன்றை விரித்து, வடகம் காயவிட்ட மாதிரி, றெஜானின் கோதுகள் அத்தனையும் பரவிக் கிடந்தன. வெயிலில் தங்கமாக மின்னின. அக்கா கறுத்துப்போன விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றா. அவவின் முகத்தில் அப்படி ஒரு வெட்கமும் பெருமையும். கலியாணப் படத்தில்தான் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

"கோயில் விளக்கோட விளக்காய் இதையும் செய்தன். அந்தாள் பாவம். கையில எடுக்கேக்க வடிவாய் இருக்கட்டும்" என்றா.

அவ அதுவரை ஒரு கோதைத் தொட்டதில்லை. அண்ணை ஒன்றை எடுத்து மணந்து பார்த்தார்.

"நல்லாய் இருக்கு ராணி" என்றார்.

அக்கா தேத்தண்ணி போட உள்ளே போனா. அண்ணை மேடையின் ஓரத்தில் இருந்துவிட்டார்.

"என்ன அண்ணை?"

"இந்த மினுக்குத் தண்ணியில அமோனியா கிடக்கு. பித்தளைக்கு அது ஆகாது. றெஜான் முதல்நாளே சொன்னவன், புத்தகத்திலும் கிடக்கு. வெளியில ஒண்டும் தெரியாது. உள்ளுக்க வெடிப்பு விழுந்துபோகும். சுட்டால் கோது கிழிஞ்சாலும் கிழியும், கையோட."

"எல்லாமோ?"

"எல்லாம்."

நான் உள்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னேன். "அக்காவுக்குச் சொல்லாதேங்கோ. புதுக் கோது வேண்டி அடைப்பம். அதுவும் மினுங்கும், அவவுக்கு வித்தியாசம் தெரியாது. றெஜானுக்குப் பேந்து ஏதாவது சொல்லலாம்."

"தெரியாது தான்."

"பேந்தென்ன? அவ இவ்வளவு ஆசையாய்ச் செய்தது. மனம் உடைஞ்சு போவா."

கேத்தில் கூவியது. அண்ணை எழும்பி உள்ளே போனார். நான் எட்ட நின்றேன், ஆனாலும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

"ராணி. ஒண்டு சொல்ல வேணும்."

"சொல்லுங்கோ."

சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார். உள்ளே ஒரு கோப்பை கழுவுகிற சத்தம் நின்றது.

"அப்ப எல்லாத்தையும் நான் பழுதாக்கிப்போட்டன்."

"தெரியாமல்தானே செய்தனீர்."

"அந்தாள் ஆசைப்பட்டுக் கேட்டது."

"ஓம்."

"நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரியவே வந்திராது."

"தெரிஞ்சிராது."

அக்கா மூக்கைச் சீறுகிற சத்தம் கேட்டது. பிறகு படி முனகியது. ஒன்றன்பின் ஒன்றாக, கடைசிப் படி வரைக்கும். அந்த மெசின் வந்த நாளிலிருந்து அக்கா நிலவறைக்கு இறங்கியது அன்றைக்குத்தான்.

"எந்தப் போத்தலில மருந்து? காட்டுங்கோ" என்றா. "மிச்சத்தையும் நானும் தெரிஞ்சு வைச்சிருக்கிறன்."

என் தேத்தண்ணியை நானே ஊற்றிக் குடித்தேன். அந்தத் தேத்தண்ணியில் சீனி போட்டேனா இல்லையா என்று நினைவில்லை. என்னுடைய புத்திமதியை யாரும் கேட்காமல் விட்டதற்காக அன்றைக்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

றெஜானிடம் சொல்லப் போனதும் அக்காதான். சபனெல் தெருவில் தைப்பு வேலை செய்து பழகிய பிரெஞ்சில், "மிசியே றெஜான், உங்கட கோது முழுக்க நான் சாக்கொண்டுபோட்டன்" என்ற மாதிரி ஏதோ சொன்னா. அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும், வாதம் தொடாத பாதி முகத்தாலேயே சிரித்தான். தாதி ஓடிவந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்தான். பிறகு இடக்கை விரலை என் பக்கம் நீட்டினான்.

"அவன்ர கார்" என்றான். "தையில. கடைசி நாள்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாகனத் தரிப்பிடத்துக்கு ஓடினேன். பின்பெட்டியில் பனி வாருகிற சவல், உப்பு மூட்டை, கிழிந்த குடை எல்லாவற்றுக்கும் அடியில் கட்டுப் பிரிக்காத ஒரு பை கிடந்தது. வாதம் வருவதற்கு முதல் கழகத்தின் உள்திடலில் றெஜான் தன் வலக்கையால் கடைசியாகச் சுட்ட நாளில் நான் பொறுக்கியது. மோட்சத்துக்குப் போன கோதுகள் அன்றைக்குத் திரும்பி வந்தன. என்னுடைய சோம்பல் ஒருவருக்கு உதவியது அந்த ஒரு தடவைதான்.

அண்ணை அவற்றை றெஜானின் முறைப்படி வால்நட் கோதுத் தூளில் போட்டு உருட்டி எடுத்தார். புகைக் கறுப்பு முழுக்கப் போகவில்லை. "போதும், விடுங்கோ" என்றா அக்கா. அன்றைக்குப் படித் தலைப்பில் கதிரை இல்லை. கீழே மேசைக்கு மற்றப் பக்கம் இருந்து, ஒவ்வொரு கோதிலும் மருந்து நிரம்பிய பிறகு எண்ணெய்ச் சட்டிக்குள் பார்க்கிற மாதிரிக் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தா.

திடல் மூடுகிற நாளில் மேப்பிள் இலைகள் பாதி கொட்டியிருந்தன. றெஜானைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனோம். கழகத்துப் பொறுப்பாளர் பக்கத்தில் நின்றார். ஆனந்தராசா அண்ணை நாற்காலிக்குப் பின்னால் நின்று அவனுடைய இடது முழங்கையைத் தாங்கினார். யோகக்கா சிவப்புக் கோட்டுக்குப் பின்னால், காதுமூடி போட்டு, அதற்கு மேலும் கைகளால் பொத்திக்கொண்டு நின்றா. ஆனால் கண்ணை மூடவில்லை.

முதல் வெடி வட்டத்திலேயே படவில்லை. இரண்டாவது ஓரத்தில் பட்டது. மூன்றாவது எங்கே போனது என்று கடவுளுக்குத்தான் தெரியும். றெஜான் அண்ணையின் துவக்கை இறக்கி, "மெர்சி, ராசா" என்றான். போதும் என்றான். அண்ணையின் கை முழங்கையை விட்டு எடுபடவில்லை. இரண்டு பேரும் அப்படியே இலைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பட்டறையில் மெசினை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டு மணிக்கு நிற்கிற இரண்டு பேர் மாதிரி இருந்தது.

நான் வழக்கம்போலக் குனிந்து பொறுக்கினேன். அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி, றெஜான் அக்காவின் உள்ளங்கையில் வைத்தான். இன்னும் சூடு இருந்தது. அவ கையை உதறவில்லை.

மார்கழியில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், நித்திரையிலேயே றெஜான் போய்ச் சேர்ந்தான். மிதிவெடி பொரித்துக்கொண்டுபோய்ச் செத்தவீட்டுக்கு வந்த வெள்ளைக்காரருக்கெல்லாம் அக்கா கொடுத்தா. யாரும் பெயரைக் கேட்கவில்லை.

அண்ணை இப்போதும் சனிக்கிழமைகளில் அடைக்கிறார், சுடுகிறார். நான் பொறுக்குகிறேன். வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்குப் போனால் சாமி அறை பளபளவென்று இருக்கும். குத்துவிளக்கு, தூபக்கால், மணி, செம்பு, எல்லாவற்றிலும் முகம் தெரியும். விளக்கின் காலடியில் அந்தக் கோது நிற்கிறது. வாய்ப்பக்கம் புகைக் கறுப்பு அப்படியே இருக்கிறது. அக்கா மற்றதையெல்லாம் எடுத்து மினுக்குவா. அதை மட்டும் தூக்கி, கீழே தூசியைத் துடைத்துவிட்டு, திரும்ப அந்த இடத்திலேயே வைப்பா.